எழுபதுக்குக் கீழே

"அறுபத்து நாலு" என்று கண் பரிசோதனை முகாமில் இருந்த பெண் சொன்னபோது, வயதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தாள் பியூலா.

"இல்லம்மா, அறுபத்து ரெண்டுதான்" என்று திருத்தினாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினாள். "வயசு இல்லம்மா. இது உங்க தெளிவு எண். கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்க நரம்பு மூளையோட தொடர்ச்சி. மூளை தேய ஆரம்பிச்சா மொதல்ல அது மெலியும். அதத்தான் இந்த மிஷின் அளக்குது. எழுபதுக்குக் கீழ போகக்கூடாது."

"போனா?"

பெண் பின்னால் நின்ற தங்கை ஷெர்லினைப் பார்த்து, "நீங்க கூட வந்தவங்களா?" என்று கேட்டாள். பியூலாவிடம் பேசுவது அந்த நொடியோடு நின்றுபோனது. பிறகு நடந்த பேச்செல்லாம் தங்கையிடம்தான்.

திசையன்விளை பேருந்து நிலையத்துக்கு எதிரில் அக்காளும் தங்கையும் மருந்துக்கடை வைத்திருந்தார்கள். இருவரும் மருந்தியல் படித்தவர்கள். பியூலாவின் கணவர் இறந்து பல வருடம் ஆகிறது; ஷெர்லின் கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். கடை உரிமம் பியூலாவின் பெயரில் இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஒவ்வொரு வருடமும் விழித்திரையைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவள் அதை வரவேற்றாள். மறதி நோயோடு லாரி ஓட்டியவர்கள், எதிலே கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் வீட்டை எழுதிக் கொடுத்தவர்கள் என்று எத்தனையோ பேரை அவள் பார்த்திருந்தாள். எண் எழுபதுக்குக் கீழே போனால் உரிமம் கிடையாது, தனிக் கையெழுத்து செல்லாது, வண்டி ஓட்டக் கூடாது. ஒரு துணையாள் வேண்டும். அதற்குப் பதிலாக, அப்படிப்பட்டவர் செய்யும் எந்தத் தவறுக்கும் அவர்மீது வழக்கு கிடையாது. நியாயமான சட்டம் என்றே அவளுக்குத் தோன்றியிருந்தது.

ஷெர்லினுக்கு ஐம்பத்தேழு. அவளுக்கு இன்னும் பரிசோதனை வயது வரவில்லை. உரிமம் அவள் பெயருக்கு மாறியது. அக்காளுக்குத் துணையாளும் அவளே.

"ஒண்ணும் மாறலக்கா. போர்டுல பேருதான் மாறுது. நீ எப்பயும் போல கடைக்கு வா, உள்ள சேர்ல இரு. மருந்து மட்டும் எடுத்துக் குடுக்காத" என்றாள் ஷெர்லின். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

ஆனால் எல்லாம் மாறியது. ஒருநாள் மீன்குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. "நான் ஒரு தடவதானட்டி போட்டேன்" என்றாள் பியூலா. "ரெண்டாந் தடவயும் நீதான் போட்டிருப்பக்கா, பரவாயில்ல, தேங்காப்பால் ஊத்திக்கிடலாம்" என்றாள் ஷெர்லின். மோட்டாரை நிறுத்தாமல் விட்டு தொட்டி நிரம்பி மாடியெல்லாம் தண்ணீர் ஓடியது. வாசல் கதவு பூட்டாமல் கிடந்தது. சபைக் கூட்டத்துக்கு இருவரும் போகவில்லை. கூட்டம் பற்றி வந்த செய்தியை பியூலா தங்கையிடம் தெரிவிக்கவில்லையாம். முதலில் அவள் மறுத்துப் பார்த்தாள். மறுக்கும்போது எதிரில் இருப்பவர்கள் முகத்தில் ஒரு பொறுமை வந்து உட்காரும். அந்தப் பொறுமையைப் பார்ப்பதைவிட ஒப்புக்கொள்வது சுலபமாக இருந்தது. கொஞ்ச காலத்தில் ஒப்புக்கொள்வதற்கும் நம்புவதற்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அவளுக்கே சில விஷயங்கள் தெரிந்தன. கடை வாசலில் வெயிலைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களை அடையாளம் தெரியவில்லை. போதகரின் மனைவியைப் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டாள். மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பின. சாயங்காலம் எதிரில் வரும் வண்டி விளக்கு தீபாவளிப் பூவாணம் மாதிரி விரிந்தது. மூளை போகிறது என்றால் இப்படித்தான் போகும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். வேறு யாராவது கடைக்கு வந்து இதையெல்லாம் சொல்லியிருந்தால், மொதல்ல போய்க் கண்ணக் காட்டுங்க என்று அவளே அனுப்பியிருப்பாள். ஆனால் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கண் சரியாகிவிட்டது, இனி அதில் குறையில்லை என்பது முடிந்த விஷயம். அதோடு ஒரு எண் வேறு வந்து காரணத்தைச் சொல்லிவிட்டது. காரணம் கிடைத்தபிறகு யாரும் தேடுவதில்லை.

ஐப்பசியில் அது நடந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இன்பராஜ் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கிப் போனார். வீட்டில் இரண்டு வேளை போட்டபிறகு குளிர்ந்து வியர்த்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவர் தின்றது சர்க்கரை நோய்க்கான மாத்திரை. சர்க்கரையே இல்லாத மனிதர். உயிர் பிழைத்தார். ஆனால் வலது கையும் பேச்சும் பழையபடி திரும்பவில்லை.

"மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்தேன். அக்காதான் இருந்தா" என்றாள் ஷெர்லின். "நான் அவள எடுத்துக் குடுக்காதன்னு சொல்லித்தான் வச்சிருந்தேன்."

விசாரிக்க வந்தவர்கள் பியூலாவிடம் கேட்டார்கள். "நீங்க குடுத்தீங்களா?"

"ஞாபகம் இல்ல."

அவர்கள் தலையாட்டிக்கொண்டார்கள். ஞாபகம் இல்லை என்பதே போதுமானதாக இருந்தது. எழுபதுக்குக் கீழ், வழக்கு இல்லை, கோப்பு மூடப்பட்டது.

பியூலா அன்றைக்கு நினைவில் மறுபடி மறுபடி அந்த மத்தியானத்துக்குள் போய்ப் பார்த்தாள். உள்ளறை நாற்காலி, மின்விசிறி, முன்னால் கத்தரிக்கோல் மாத்திரை அட்டையை வெட்டும் சத்தம். அந்தச் சத்தம் முன்னாலிருந்து வந்ததா, தன் கையிலிருந்து வந்ததா? முப்பது வருடத்துக்கு மேல் அட்டை வெட்டிய கை அது. எந்த நாளைக் கேட்டாலும் அந்தச் சத்தத்தைத்தான் காட்டும்.

மறுவாரம் அவள் தனியாக இன்பராஜ் சாரின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி லில்லி டீச்சர் கதவைத் திறந்தார். பியூலா காலில் விழப்போனாள்.

"எந்திரி" என்றார் லில்லி டீச்சர். "எனக்கு ஒன்னத் திட்டணும்னு இருக்கு பியூலா. நல்லா நாக்கப் புடுங்குற மாதிரி திட்டணும். ஆனா ஒன்னத் திட்டி என்ன பிரயோஜனம்? ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கவர்மெண்டே சொல்லிட்டு. காத்த திட்டுற மாதிரில்லா இருக்கும்." பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

பியூலா அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

இப்படி ஒரு சம்பவம் நடந்துவிட்டால், வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, காப்பகத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுக்கப் பெரிய பரிசோதனை ஒன்று உண்டு. அதற்காக நாகர்கோவிலில் ஒரு கண் மருத்துவமனைக்கு இருவரும் போனார்கள். டாக்டர் சபூரா ஐம்பது வயதுக்காரர். எல்லோரிடமும் நேராகப் பார்த்துப் பேசுகிறவர். ஷெர்லினை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பியூலாவின் தாடையைக் கருவியில் வைக்கச் சொன்னார். வெளிச்சக் கோடு ஒன்று கண்ணுக்குள் போனது. டாக்டர் அதிக நேரம் பார்த்தார். அடுத்த கண்ணையும் பார்த்தார்.

"புரை ஆபரேஷனுக்குப் பொறகு கண்ண யாராவது பாத்தாங்களாம்மா?"

"முகாம்ல பாத்தாவ. மிஷின்ல."

"மிஷின் பாத்துச்சு. ஆள் யாராவது?"

பியூலா யோசித்தாள். "இல்ல டாக்டர்."

டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "நீங்க மருந்து படிச்சவங்க, சொன்னா புரியும். புரை எடுக்கும்போது கண்ணுல இருக்க பழைய லென்ஸ எடுத்துட்டு, அது இருந்த பைக்குள்ளயே புது லென்ஸ வைப்போம். சில பேருக்கு அந்தப் பையோட பின்பக்கத்துல மெல்ல ஒரு படலம் வளரும். பனி புடிச்ச கண்ணாடி மாதிரி. உங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் நல்லா வளந்திருக்கு. மொகம் சரியா தெரியாது, வெளக்கு விரியும். அப்படி இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள் பியூலா. "நான் அது மூளன்னு நெனச்சேன்."

"இது கண்ணு. மூள இல்ல."

"அப்போ அந்த எண்ணு?"

"அந்த மிஷின் வெளிச்சத்த உள்ள அனுப்பி, திரும்பி வர்ற வெளிச்சத்த வச்சுத்தான் நரம்பு அடுக்கோட கனத்த அளக்குது. நடுவுல படலம் இருந்தா போறதும் கொறையும், வர்றதும் கொறையும். அடுக்கு எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியாது. இருக்கறதவிட மெல்லிசா காட்டும். படம் எவ்வளவு தெளிவா வந்திருக்குன்னு பக்கத்துலயே இன்னொரு அளவு காட்டும்மா. அது கொறஞ்சிருந்தா இந்த எண்ண நம்பக் கூடாது. ஆனா சட்டம் ஒரு எண்ணத்தான் கேக்குது. முகாம்ல ஒத்த எண்ணத்தான் அனுப்புறாங்க."

லேசர் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. வலி இல்லை. டிக், டிக் என்று சின்னச் சத்தம்; அவ்வளவுதான். மத்தியானம் கண்ணில் கரும்புள்ளிகள் கொசு மாதிரி மிதந்தன. அதைத் தாண்டி எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரின் சின்ன எழுத்துகள் தெரிந்தன. மறுபடி இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். எண்பத்தெட்டு.

வெளியே வந்து சொன்னதும் ஷெர்லின் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஆண்டவரே! ஒனக்கு ஒண்ணுமில்லையாக்கா! படலம்தானா! நான் ஒன்ன என்னெல்லாம் சொல்லிட்டேன்."

பேருந்தில் ஜன்னலோரம் பியூலா உட்கார்ந்தாள். ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. வாழைத் தோட்டங்களைத் தாண்டி, காற்றாலைகள் வரத் தொடங்கியபோதுதான் அந்தச் சந்தோஷத்துக்கு அடியிலிருந்து ஒரு கேள்வி எழுந்து வந்தது. எனக்கு மறதி இல்லையென்றால், எனக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டுமே? இன்பராஜ் சாருக்கு மாத்திரை கொடுத்தது எனக்கு ஏன் ஞாபகம் இல்லை? எழுத்து தெரியாமல் தப்பான அட்டையை எடுத்திருக்கலாம், சரி. ஆனால் எடுத்ததே மறக்குமா? எப்படிப் புரட்டினாலும் கணக்கு ஒத்துவரவில்லை. பழைய குழப்பத்தில் ஒரு வசதி இருந்தது. அதற்கு ஒரு பெயர் இருந்தது. இது பெயரில்லாத குழப்பம்.

"ஏட்டி, அன்னிக்கு இன்பராஜ் சார் வந்தப்போ நீ எங்க இருந்த?"

"சாப்பிடப் போயிருந்தேன்லா."

"என்ன சாப்ட்ட?"

ஷெர்லின் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அது எதுக்குக்கா இப்போ" என்றாள்.

வள்ளியூர் தாண்டியது. ஷெர்லின் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தாள். அக்காளின் தோளைத் தொட்டு, கவலையோடு கேட்டாள்: "டாக்டர் என்னக்கா சொன்னாவ? காப்பகம்னு எதுவும் சொல்லலல்லா?"

பியூலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். விளையாடுகிறாளோ என்று முதலில் பார்த்தாள். முன்பு மங்கலாக இருந்த முகம் இப்போது ஒவ்வொரு சுருக்கமாகத் தெரிந்தது. அதில் விளையாட்டு இல்லை.

"கண்ணுல படலமாம்" என்றாள் மெதுவாக. "மூளைல ஒண்ணுமில்லையாம். எண்பத்தெட்டு."

ஷெர்லினின் முகம் விரிந்தது. "ஆண்டவரே!" என்றாள். "ஒனக்கு ஒண்ணுமில்லையாக்கா! நான் ஒன்ன என்னெல்லாம் சொல்லிட்டேன்" என்று அழத் தொடங்கினாள். அதே அழுகை, அதே சந்தோஷம், முதன்முதலாகக் கேட்கிறவளின் சந்தோஷம். பியூலா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். உப்பு, மோட்டார், பூட்டாத கதவு என்று ஒவ்வொன்றாக எடுத்து இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். எல்லாம் இந்தப் பக்கமும் சரியாகப் பொருந்தியது. ஒரு எண் தன்மேல் ஒட்டப்பட்ட நாளிலிருந்து, வீட்டில் நடந்த தவறுகளுக்கெல்லாம் யாருக்கும் வேறு ஆள் தேவைப்படவில்லை.

மறுநாள் முதல், கடைக் கணினி கெட்டுவிட்டது என்று சொல்லி பியூலா கதவை இறக்கிவிட்டாள். ஷெர்லின் மருந்து அலமாரிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுடைய வேலையாக இருந்தது.

லேசருக்குப் பிறகு கண் அழுத்தம் பார்க்க ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். அப்போது டாக்டரிடம் கேட்டாள்: "தங்கச்சி கண்ணையும் ஒரு தடவ பாத்துருங்களேன். அவளுக்கும் எதாவது படலம் கிடலம் இருக்கும்."

"அவங்களுக்குப் புரை ஆபரேஷன் ஆகலையே."

"புரையாவது இருக்கும், பாருங்க."

டாக்டர் ஷெர்லினின் கண்களைப் பொறுமையாகப் பார்த்தார். ஷெர்லின் தாடையை வைத்துக்கொண்டே கதை பேசினாள். "நல்ல கண்ணும்மா உங்களுக்கு" என்றார் டாக்டர். "ஒரு புள்ளிகூட இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு."

"பாத்தியாக்கா!" என்று சிரித்தாள் ஷெர்லின்.

கண்ணில் குறை இல்லையென்றால் மிச்சம் மூளைதான் என்று பியூலாவுக்குப் புரிந்தது. தங்கை வெளியே போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க என்ன தேடுறீங்கன்னு புரியுது. இங்க ஸ்கேன் எடுத்தா எண் நேரா அரசாங்கத்துக்குப் போயிரும். நான் நிறுத்த முடியாது. எனக்குத் தெரிஞ்ச நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்கார். உட்கார வச்சுப் பேசித்தான் பார்ப்பார். அவர் யாருக்கும் எதுவும் அனுப்ப வேண்டியதில்ல. மொதல்ல அங்க கூட்டிட்டுப் போங்க. சரி பண்ணக்கூடிய காரணமும் இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"இருக்கலாம். இருக்கும்னு சொல்லல."

அங்கே போவதற்கு முன்னால் திருநெல்வேலி விசாரணை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. எண் திரும்பக் கிடைத்தவர்களின் மூடிய கோப்புகளை மறுபடி திறக்க வேண்டும் என்பது விதி. விசாரணை அதிகாரியின் பெயர் மகிழ்நன், இளைஞன், மரியாதையானவன். ஷெர்லினை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு பியூலா உள்ளே போனாள்.

"வாழ்த்துகள்ம்மா. மொதல்ல உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றான். "இயந்திரத்தோட பிழையால உங்களுக்கு ரொம்ப அநியாயம் நடந்திருக்கு. உங்க உரிமைகள் எல்லாம் இன்னிக்கே திரும்ப வந்துரும். ஒரே ஒரு விஷயம். ஆசிரியர் இன்பராஜோட வழக்கு. எழுபதுக்குக் கீழன்னா தப்பு யாருதும் இல்ல. இப்ப நீங்க எண்பத்தெட்டு. அன்னிக்கும் உண்மையில எண்பத்தெட்டுதான். அதனால கேக்க வேண்டியிருக்கு. மருந்தக் குடுத்தது யாரு?"

"நான் இல்லேன்னா?"

"கடையில இருந்த இன்னொருத்தர் உங்க தங்கச்சிதான். அவங்க அப்படிக் குடுத்துட்டு, நீங்கன்னு சொல்லியிருந்தா, ஒண்ணு பொய் சொல்லியிருக்கணும். இல்ல, மறந்திருக்கணும். வயசு வரலேன்னாலும் அவங்களுக்கு உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லுவோம்."

"நானா இருந்தா?"

"கவனக்குறைவு. உரிமம் ரத்தாகும், திரும்பக் கெடைக்காது. வழக்கு நடக்கும். ஜெயில் இருக்காதுன்னு நெனைக்கிறேன். படலத்தால எழுத்து தெரியலேன்னு சொன்னா நீதிமன்றம் கேக்கும்." அவன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தான். "அவசரம் இல்ல. ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

பியூலா ஞாபகப்படுத்திப் பார்த்தாள். நாற்காலி, மின்விசிறி, கத்தரிக்கோல். அவளால் இப்போதும் அதற்கு அப்பால் போக முடியவில்லை. அவள் பொய் சொல்லப்போகிறாளா, உண்மையைச் சொல்லப்போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் இதுதான்: ஒரு பெண் ஷெர்லினைத் தாண்டிப் பார்த்து, "நீங்க கூட வந்தவங்களா?" என்று கேட்கும் நாள் எப்படியும் வரும், அதை, அவளுக்குப் பரிசோதனை வயது வரும்வரை, மூன்று வருடம் தள்ளிப்போடத் தன்னால் முடியும். கடையும் மூடப்பட்டுவிடும், யாருக்கும் ஆபத்தில்லை. லில்லி டீச்சருக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைக்கும்.

"நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். "நான்தான் குடுத்தேன். எழுத்து சரியா தெரியல. தங்கச்சியக் கூப்டுக் கேட்டிருக்கணும், கேக்கல."

மகிழ்நன் விசைப்பலகையை அருகில் இழுத்தான். பிறகு அதை அப்படியே பதிவு செய்தான். அவள் விரலை வைத்தாள். இயந்திரம் இப்போது துணையாளைக் கேட்கவில்லை, அவளுடைய விரலை மட்டுமே கேட்டது.

வெளியே ஷெர்லின் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் கோபம் இருந்தது.

"நீ எதுக்குக்கா நான்னு சொன்ன?"

"என்னட்டி?"

"இன்பராஜ் சாருக்கு நான்லா குடுத்தேன். நீ உள்ள சேர்ல தூங்கிட்டு இருந்த. ஒன்ன எழுப்ப வேண்டாம்னு மெதுவாத்தான அட்டைய வெட்டினேன். சார்கூட, பியூலா அசந்து தூங்குதாளோன்னு கேட்டாவ." தெளிவாக, நேற்று நடந்ததைப் போலச் சொன்னாள். அதில் ஏதோ தவறு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. அக்காளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "நான் உள்ள போய்ச் சொல்லட்டா?"

பியூலா அவளையே பார்த்தாள். இத்தனை மாதமாகக் கிடைக்காமல் இருந்தது, ஒரு வராந்தாவில், பியூன் தேநீர் எடுத்துப் போகும் வழியில், இப்படிக் கிடைத்தது. கதவு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளே மகிழ்நன் இன்னும் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"வேண்டாம்" என்றாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்ல வேண்டியத நான் சொல்லிட்டேன்ட்டி. வா, பசிக்கி. எங்கயாவது சாப்புடுவோம்."

"ஆமா" என்றாள் ஷெர்லின். படி இறங்கும்போது சுற்றிலும் பார்த்தாள். "இது எந்த ஆபீஸுக்கா? நம்ம எதுக்கு வந்தோம்?"

"என் வேலையாத்தான்" என்றாள் பியூலா. "முடிஞ்சிட்டு."